யாரும் எழாத படம்

ஏரிக்கரையில், வருஷத்தில் பாதி வெள்ளையாகவும் மீதி சாம்பலாகவும் கிடக்கிற போர்ட் கெல்லர் என்ற அமெரிக்க ஊரில் அந்தப் படம் இல்லாத வீடு கிடையாது; முடிவெட்டும் கடையில், பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில், வங்கியில், மாதாகோயில் கூடத்தில், காப்பிக்கடை டோரதியின் கல்லாவுக்குப் பின்னால், பிற்பாடு ஊருக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களின் வீட்டில் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் என்று எங்கே திரும்பினாலும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் தொங்கும், அதற்குள் எந்த வெயில் காலத்திலும் பனி பெய்துகொண்டிருக்கும்.

ஊரின் கால்பந்து அணியான பாய்லர்மென் தோற்ற நாளில் எடுத்த படம் அது. அமெரிக்கக் கால்பந்து என்பது காலைவிடக் கைக்கும் தோளுக்கும் வேலை அதிகமுள்ள ஆட்டம், ஆனால் அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை கடைசி நொடி ஒருவனுடைய காலில் வந்து நின்றது. டானி என்கிற குள்ளமான ஆட்டக்காரன் முட்டை வடிவப் பந்தை இரண்டு உயரக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் வெற்றி. அவன் உதைத்தான், பந்து கம்பத்துக்கு வெளியே போய்ப் பனியில் விழுந்து காணாமல் போனது. எதிரணிக்காரர்கள் கட்டிப் புரள்வதைப் படமெடுக்கப் பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் ஓட, ஒருவர் மட்டும் வழுக்கி விழுந்தார், விழுந்து கிடந்தபடியே கேமராவைத் திருப்பி ஒரே ஒரு படம் எடுத்தார். அதில் டானி பனியில் குப்புறக் கிடக்கிறான்; எழுபத்தொன்றாம் எண் சட்டைக்காரன், ராட்சசன் மாதிரி இருந்த ஓட்டோ, பக்கத்தில் மண்டியிட்டு, அவன் பிடரியில் பனி விழாதபடி தன் பெரிய கையைக் குடையாய்ப் பிடித்திருக்கிறான்; இரண்டு பேருக்கும் பின்னால் வரிசை வரிசையாக, தோளில் பனியைச் சுமந்துகொண்டு ஜனம் உட்கார்ந்திருக்கிறது. ஆட்டம் முடிந்துவிட்டது, தோற்றாகிவிட்டது, ஒருவர்கூட எழவில்லை. அதனால்தான் அது நாடு முழுக்கப் பேர் வாங்கியது, ‘யாரும் எழவில்லை’ என்று கீழே எழுதிப் பத்திரிகைகளிலும் பிறகு கனமான புத்தகங்களிலும் போட்டார்கள். அணியை வெயில் ஊர் ஒன்று வாங்கிக்கொண்டு போனது, பாய்லர் தொழிற்சாலை மூடிப்போனது, மைதானத்தை இடித்து அங்கே ஒரு சூப்பர்மார்க்கெட்டும் கார் நிறுத்துமிடமும் கட்டினார்கள், படம் மட்டும் மிஞ்சியது.

அதனால், படத்தில் ஒருவர் எழுந்தபோது ஊர் பயந்தது.

முதலில் எழுந்தவர் மாதாகோயிலில் ஆர்கன் வாசித்த கிழவர். யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல ஐந்தாவது வரிசையில் அவர் முகம் கொஞ்சம் திரும்பியது. பிறகு கைகள் முழங்காலுக்கு வந்தன. பிறகு பாதி நிமிர்ந்தார். பிறகு முதுகு தெரிந்தது. பிறகு பெஞ்சில் அவர் இருந்த இடம் மட்டும் பனி படாத கறுப்புச் சதுரமாகத் தெரிந்தது. எல்லாச் சுவரிலும், டோரதி விற்கிற காப்பிக் கோப்பைகளிலும், பேரப்பிள்ளைகளின் போனிலும் ஒரே காலையில் தெரிந்தது. அன்று மத்தியானம் ஆர்கன்காரர் சாப்பாட்டு மேசையில் தலைசாய்ந்து போனார். படம் மங்கிவிட்டது என்றார்கள். பேக்கரிக்காரி எழுந்தாள், போனாள்; தீயணைப்புப் படையில் இருந்தவர் எழுந்தார், போனார்; அதற்கப்புறம் மங்கல் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு ஊர் பயத்தை என்ன செய்ய முடியும்? அதோடு குடியிருக்கப் பழகிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வானம் பார்ப்பதுபோல் காலையில் படம் பார்த்தார்கள், காப்பிக்கடையில் ‘இன்னைக்கு யாரு?’ என்று கேட்டுவிட்டுத்தான் முட்டையும் ரொட்டியும் சொன்னார்கள், படத்தில் யாராவது தலைதிருப்பத் தொடங்கினால் அவர் வீட்டு வாசல் பனியைப் பக்கத்து வீட்டார் வந்து தள்ளிக் கொடுத்தார்கள், தூரத்துப் பிள்ளைகள் விமானம் ஏறினார்கள், பாதிரியார் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தார். சிலர் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார்கள். அவர்கள் வீட்டுக்கும் சாவு வந்தது, சொல்லாமல் வந்தது, அதனால் மறுபடி நேராகத் திருப்பினார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் ஊர் மாறிப்போனது. அந்த மைதானம் கொள்ளக்கூடியதைப் போலப் பல மடங்கு ஜனம், தாங்களும் அன்றைக்கு அங்கே இருந்ததாக இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொருவராக அங்கிருந்து கிளம்பிப்போனார்கள்.

“அந்த முழங்கை என்னுது இல்ல,” என்றார் முடிவெட்டும் ஃபிராங்க், ஒருநாள் காலை டோரதியின் கடையில், படத்தின் இடது ஓரத்தைப் பார்க்காமலே.

“உன் முழங்கைன்னு சொல்லித்தானே கல்யாணம் பண்ணிக்கிட்டே?” என்றாள் டோரதி.

“அன்னைக்கு நான் அத்தை வீட்ல இருந்தேன்.”

“எந்த அத்தை?”

“செத்துப்போன அத்தை.”

“வசதியான அத்தை,” என்றாள் டோரதி, கடையே சிரித்தது, சிரித்து முடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் மூலை மேசையைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் காப்பியைப் பார்த்தார்கள்.

மூலை மேசைக்குப் பக்கத்தில் மங்கையர்க்கரசி நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி காலியாக இருந்தும், எழுபதைத் தாண்டிய கால்கள் கடுத்தும், அவள் நின்றுகொண்டுதான் காப்பி குடித்தாள். இப்போதெல்லாம் அவள் உட்காருவதில்லை. உட்கார்ந்தால்தானே எழ வேண்டும்.

ஊர் அவளைப் பரிதாபமாகப் பார்த்ததற்குக் காரணம், மூன்றாவது வரிசையில், ஹெலன் என்ற போலந்துக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குரங்குக் குல்லா. கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய, தலையும் காதும் கழுத்தும் மூடிய கம்பளிக் குல்லா. நம் ஊரில் மார்கழிக் காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் போடுகிறது. அந்தத் தேசத்தில் அப்படியொன்றை யாரும் பார்த்ததில்லை, அதனால் படத்தில் ஓட்டோவுக்கு அடுத்தபடி கண் போய் நிற்பது குல்லாவில்தான். அது பாய்லர் தொழிற்சாலையில் வேலை பார்த்த உலகநாதன், அதாவது மங்கையர்க்கரசியின் கணவர், என்று ஊருக்குத் தெரியும். ஊர் அவரை நேதன் என்று கூப்பிட்டது. புதிதாக வருகிற தமிழ்க் குடும்பங்களைப் பழைய குடும்பங்கள் முதலில் அந்தப் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, ‘நம்ம ஆளு’ என்று விரல் வைத்துக் காட்டும்.

அது உலகநாதன் இல்லை.

ஆட்டம் நடந்தது அவள் வந்த முதல் பனிக்காலத்தில், ஊர் இன்னும் பழகியிருக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து பி.ஏ. படிப்பும் பட்டுப்புடவையுமாக வந்து, வெளியே போக ஒரு கோட்டுகூட இல்லாமல், மாடி அறையின் ஜன்னலுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். ஃபோர்மேன் ஒரு டிக்கெட் கொடுத்தார், உலகநாதன் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, கண் திறக்க முடியாமல், “ஏட்டி அரசி, நீ போயிட்டு வா. நாலு மனுச முகத்தப் பாத்துட்டு வா,” என்றார். அவருடைய கோட்டைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு, டெல்லியில் ரயில்வேயில் இருந்த மைத்துனர் வாங்கிக் கொடுத்த அவருடைய குல்லாவை மாட்டிக்கொண்டு, ஜனம் போன வழியே போய் அவள் உட்கார்ந்தாள். குளிரில் பல் தந்தியடிப்பதைக் கேட்டு, பக்கத்து இருக்கைக்காரி தன் கட்டம்போட்ட போர்வையில் பாதியை அவள் மடியில் போட்டாள். போடும்போது கோட்டுக் கைக்குள்ளே வளையலைப் பார்த்தாள். அதுதான் ஹெலன்.

அடுத்த நாள் பத்திரிகையில் படம் வந்தது. தினமும் அந்தக் குல்லாவோடு வேலைக்குப் போகிறவர் உலகநாதன். அவர் வாசலில் நுழைந்ததும் தொழிற்சாலையே ஓவென்று கத்தியது, அதுவரை ‘ஏய்’ என்று கூப்பிட்டவர்கள் அவரைத் தோளில் தூக்கி வைத்துப் பாய்லரைச் சுற்றி வந்தார்கள், பேர் என்ன, பேர் என்ன என்று கேட்டார்கள். தோளில் உட்கார்ந்திருப்பவன் எப்படி இல்லை என்று சொல்லுவான்? வீட்டுக்கு வந்து தலைகுனிந்து நின்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “வச்சிக்கோங்க. எனக்கு எதுக்கு அது?” என்றாள். அன்றிலிருந்து அந்த ஆட்டம் அவருடையது. பனி எப்படிப் பெய்தது, பந்து எப்படி வளைந்தது, தான் ஏன் எழவில்லை என்று மதுக்கடையிலும் பொங்கல் விழாவிலும் பள்ளிக்கூடத்திலும் அவர் சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. ஹெலன் மட்டும், கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும் அவளிடம், “கால் குளிருதா?” என்று கேட்டுக் கண்ணடிப்பாள்.

இந்தப் பனிக்காலத்தின் தொடக்கத்தில் ஹெலன் படத்தில் எழுந்தாள். அவள் எழுந்தபோது அவள் பக்கத்துப் போர்வை நழுவி, முழுதாகக் குரங்குக் குல்லாவின் மடியில் வந்து விழுந்தது. ஹெலனை அடக்கம் செய்துவிட்டு வந்து ஈரக் காலணியைக் கழற்றும்போது மங்கையர்க்கரசி சுவரைப் பார்த்தாள். குல்லா கொஞ்சம் திரும்பியிருந்தது. காது மூடியிருந்தும் எதையோ கேட்டிருந்தது.

அவள் ஒரு காலில் காலணியும் ஒரு காலில் இல்லாமலும் கூடத்தின் நடுவில் நின்றாள், பின்னால் உலகநாதனின் மூச்சு கேட்டது.

“பாத்தியா?” என்றார்.

“பாத்தேன்.”

“அது நீன்னு யாருகிட்டயும் மூச்சு விடாத.”

“விட்டா என்ன?”

“அது நாந்தான் அரசி. ஊரே சொல்லுது நாந்தான்னு. உயிர எடுக்க வாரவன் வழி கேட்டுத்தான வரணும்? கேட்டா ஊரு யார் பேரச் சொல்லும்? குல்லாக்காரன் யாருன்னா எவனக் காட்டும்?”

“கிறுக்கு புடிச்சிருக்கா ஒங்களுக்கு? வாரவன் டோரதி கடையில வந்து காப்பி குடிச்சிட்டு விசாரிப்பானாக்கும்?”

“விசாரிச்சா?” என்றார் அவர், டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய குல்லாவை எடுத்து, பூச்சி அரித்த ஓட்டைகளோடு தலையில் மாட்டிக்கொண்டே.

அதற்குப் பிறகு அவர் குல்லாவைக் கழற்றவில்லை. சாப்பிடும்போதும், தூங்கும்போதும், கோயிலிலும் அதுதான். ஊர் முழுக்கத் தென்படும்படி தெருத் தெருவாக நடந்தார், தெரியாதவர்களிடம்கூட நின்று, ‘நான்தான் நேதன், மூன்றாவது வரிசை,’ என்று கைகொடுத்தார். ஊரும் தன் வழக்கப்படி வந்தது. ஃபிராங்க் பனி தள்ளினார், பாதிரியார் ஒரு சைவ வீட்டுக்கு எந்த ஜபம் சொல்வது என்று தெரியாமல் ஊதுபத்தி வாசனையில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார், தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கோயிலில் மிருத்யுஞ்சய ஹோமம் செய்து உலகநாதன் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னார்கள். எதிர்வீட்டுக் கயல்விழி ரசமும் பருப்புத் துவையலும் கொண்டுவந்து, “அங்கிளுக்கு என்ன புடிக்குமோ சொல்லுங்க ஆன்ட்டி, எல்லாம் செஞ்சு தரேன்,” என்று கண்ணைத் துடைத்தாள். அவர் அத்தனையும் சாப்பிட்டார். குல்லாவுக்குள்ளிருந்து, “இன்னும் கொஞ்சம் துவையல் இருக்காம்மா?” என்று கேட்டார்.

மங்கையர்க்கரசி தடுத்தாள். அழுதாள், சண்டை போட்டாள், குல்லாவைப் பிடுங்கினாள். ஆனால் தடுத்த குரலுக்கு அடியில், யாருக்கும் கேட்காத ஆழத்தில், வேறொரு குரல் ‘இருக்கட்டும், இருக்கட்டும்’ என்றது. அந்தக் குரலைக் கேட்டபோதுதான் அவள் படத்தைவிடத் தன்னைப் பார்த்துப் பயந்தாள். படத்தில் குல்லாவின் கைகள் முழங்காலுக்கு வந்த அன்று, அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு நேரே டோரதியின் கடைக்குப் போனாள்.

“அது நேதன் இல்ல,” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். “அது நான். அன்னைக்குப் போனது நான்.”

டோரதி கல்லாவுக்குப் பின்னாலிருந்து வந்து அவளை இறுக அணைத்துக்கொண்டாள்.

“கண்ணு, எங்கம்மாவும் இதைத்தான் சொன்னா. அப்பா படத்துல திரும்பினப்போ, ‘அது நான்’னு சொன்னா. ஆட்டம் நடந்தப்போ எங்கம்மாவுக்கு ஒம்பது வயசு.”

“என் பொண்டாட்டியும் சொல்லுவான்னு பாத்தேன்,” என்றார் ஃபிராங்க். “அந்த முழங்கை என்னுதுதான்னு அவளே எழுதிக் கொடுத்துடுவா போலிருக்கு.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய சத்தியத்தை ஒரு நல்ல மனைவியின் பொய்யாக வாங்கி, மரியாதையோடு உள்ளே வைத்துக்கொண்டார்கள். சாட்சி சொல்ல இருந்த ஒருத்தி மண்ணுக்குள் இருந்தாள்.

அவள் வீடு திரும்பியபோது உலகநாதன் இல்லை. மடக்கு நாற்காலியும் இல்லை. சுவரில் குல்லா பாதி நிமிர்ந்திருந்தது. பெஞ்சுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு தெரிந்தது. அவளுடைய முழங்கால்கள் தாமாகவே நீளப் பார்ப்பதுபோல் இருந்தது, கதவைப் பிடித்துக்கொண்டாள், பிறகு அவர் எங்கே போயிருப்பார் என்று தெரிந்து ஓடினாள், அந்த வயதில் ஓட முடிந்த மட்டும்.

சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில், தள்ளுவண்டிகளைக் கோத்து நிறுத்துகிற கூண்டுக்குப் பக்கத்தில், கொட்டுகிற பனியில் அவர் உட்கார்ந்திருந்தார். கார் மோதிவிடாதபடி கடை மானேஜர் அவரைச் சுற்றி ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்திருந்தார். போகிற வருகிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள், யாரோ ஒரு பெண் காகிதக் கோப்பையில் காப்பி வைத்துவிட்டுப் போயிருந்தாள், அதில் பனி மிதந்தது. படத்தில் எழத் தொடங்கியவர்கள் கடைசி நாளில் செய்வதை ஊர் தடுப்பதில்லை.

“எடத்தக் கண்டுபுடிச்சிட்டேன்,” என்றார். “அந்த வெளக்குக் கம்பம் இருக்கு பாரு, அதான் அந்தக் காலத்து வாசல். அங்கேருந்து கணக்குப் போட்டா மூணாவது வரிசை இதான்.”

“எந்திரிங்க. எந்திரிச்சு வீட்டுக்கு வாங்க.”

“அந்தச் சொல்லச் சொல்லாத,” என்றார் உலகநாதன். அவர் குரலும் நடுங்கியது, அப்போதுதான் அவரும் பயந்துபோயிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நாள் துவையல் கேட்டதும் தெருத் தெருவாகக் கைகொடுத்ததும் அந்தப் பயத்தைத் தூக்கிச் சுமக்கிற வழிதான் என்று தெரிந்தது. “உக்காரு. தள்ளி உக்காரு, எடமிருக்கு.”

நாற்காலியில் இரண்டு பேருக்கு இடமில்லை. தள்ளுவண்டிக் கூண்டின் கீழ்க்கம்பியில் அவள் உட்கார்ந்தாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் உட்கார்ந்ததில் கால்கள் விண்ணென்று தெறித்தன. அவர் குல்லாவைக் கழற்றி அவள் தலையில் மாட்டி, கழுத்துவரை இழுத்துவிட்டார்.

“போட்டுக்கோ. ஒனக்குக் காது வலிக்கும். அன்னைக்கு இது ஒங்கிட்டதான இருந்திச்சு.” வெறுந்தலையில் பனி விழுந்து நின்றது. “ஒண்ணு கேக்கணும். இத்தன வருசமாக் கேக்காம விட்டுட்டேன். என்னதான் நடந்திச்சு அன்னைக்கு?”

அவள் அவரைப் பார்த்தாள். உலகம் முழுக்கச் சொல்லித் திரிந்த கதையைக் கேட்பதற்கு, ஒரு குழந்தை மாதிரி, முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணும் புரியல எனக்கு,” என்றாள். “ஓடுனாங்க, விழுந்தாங்க, எந்திரிச்சாங்க. பந்து எங்க இருக்குன்னே தெரியல. பக்கத்துல ஹெலன் கத்துனா நானும் கத்துனேன். கடைசியில அந்தக் குள்ளன் ஒதச்சான், எல்லாரும் சும்மா இருந்துட்டாங்க. கெலிச்சமா தோத்தமான்னு எனக்குத் தெரியல.”

“அப்போ ஏன் எந்திரிக்கல?”

“ஆட்டம் முடிஞ்சதே தெரியாதுங்க. யாராவது எந்திரிச்சா நாமளும் எந்திரிக்கலாம்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒருத்தரும் எந்திரிக்கல. பெறகு நெனச்சுப் பாத்தேன், எல்லாரும் அப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்களோ என்னவோ. ஒக்காந்த எடம் வேற கதகதன்னு ஆயிருந்திச்சு.”

உலகநாதன் சிரிக்கத் தொடங்கினார். கம்பங்களைப் பற்றி, மானத்தைப் பற்றி, தோற்றவனோடு உட்கார்ந்திருப்பதைப் பற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவர் சொன்னதெல்லாம் அந்தச் சிரிப்பில் குலுங்கியது. சிரிப்பு இருமலாக மாறியது. “இத அப்பவே சொல்லியிருந்தா,” என்று இருமலுக்கு நடுவே சொன்னார், “நான் இதையே சொல்லியிருப்பேனே. இது எவ்வளவு நல்லா இருக்கு.”

பிறகு அவள் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். வெளிச்சம் இருக்கும்வரை அப்படியே இருந்தார்கள். வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் கூண்டுக்குள் விடாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். மானேஜர்தான் கடைசியில் வந்து, இரண்டு பேரையும் கைகொடுத்து எழுப்பி, தன் காரில் வீட்டில் விட்டார்.

அந்த இருமல் நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் அவர் மூச்சுக்கு முண்டிய நாட்களில், எதிரே சுவரில் மாட்டியிருந்த படத்தை நர்ஸ் எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தார். ஒரு காலையில், அவள் ஜன்னல் பக்கம் நின்று வெந்நீர் ஆற்றிக்கொண்டிருந்தபோது, “அரசி, அங்க பாரு, எவ்வளவு பனி,” என்றார். வெளியே வெயில் அடித்தது. அவள் திரும்புவதற்குள் போய்விட்டார்.

அவள் படத்தைப் பார்க்கவில்லை. அன்று பார்க்கவில்லை, தகனத்தன்று பார்க்கவில்லை, பார்க்காமலே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். ஊர் பார்த்தது. பார்த்துவிட்டு ஊர் பேசாமல் இருந்தது, அந்த அமைதி அவள் வாசல்வரைக்கும் வந்து நின்றது. கயல்விழிதான் கடைசியில் வந்து அவள் தோளைத் தொட்டு, “ஆன்ட்டி, நீங்க பாத்துதான் ஆகணும்,” என்று சுவரைக் காட்டினாள்.

இதுவரை போனவர்கள் எல்லாரும் படத்திலிருந்து எழுந்து போனார்கள். உலகநாதன் படத்துக்குள் வந்திருந்தார். ஹெலன் விட்டுப்போன கறுப்புச் சதுரத்தில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைமுடியில் பனி விழ, மெல்லிய மீசையும் இரவு ஷிஃப்டின் தூக்கம் கலையாத கண்களுமாக, கோட்டு இல்லாமல், ஒரு இளைஞனாக உட்கார்ந்திருந்தார். கட்டம்போட்ட போர்வையில் பாதி அவர் மடியில் இருந்தது. பாதி நிமிர்ந்திருந்த குரங்குக் குல்லா மறுபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அவர் அதன் கையை இறுகப் பிடித்துக் கீழே இழுத்திருந்தார். இழுத்ததில் கோட்டுக் கை மேலேறி, மணிக்கட்டில் இரண்டு வளையல்கள் தெரிந்தன.

எல்லாச் சுவரிலும், எல்லாக் கோப்பையிலும் தெரிந்தன. டோரதி வந்து வாசலில் நின்று, உள்ளே வராமல், “என்னை மன்னிச்சுக்கோ, கண்ணு,” என்றாள். ஃபிராங்க் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “அப்போ அன்னைக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாகிவிட்டது.

பனிக்காலம் கழிவதற்குள் அந்த வரிசைகளில் இன்னும் பல இடங்கள் கறுத்தன. ஓட்டோகூட ஒருநாள் கையை மடக்கிக்கொண்டு எழுந்து போனான். டானி மட்டும் குடையில்லாத பிடரியோடு குப்புறக் கிடக்கிறான், தெற்கே எங்கேயோ உயிரோடு இருக்கிறானாம். மங்கையர்க்கரசி தினமும் காலையில் சுவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருகிறாள். இப்போது உட்கார முடிகிறது. முதலில் அவர் விரல்களைப் பார்க்கிறாள். பிடி தளரவில்லை. பிறகு, பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே, அவர் முகத்தைப் பார்க்கிறாள். அந்த முகம் அவள் பக்கம் திரும்பியிருக்கவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு, கம்பங்களுக்கு அப்பால், பந்து விழுந்த இடத்தை ஆசையோடு பார்த்துக்கொண்டிருக்கிறது. அவருக்கு இது முதல் ஆட்டம். முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியாது. யாராவது எழுந்தால் தெரிந்துகொள்ளலாம் என்று காத்துக்கொண்டிருக்கிறார். அவரைச் சுற்றி ஆளே குறைந்துகொண்டு வருகிறது. அவருக்கு வேண்டிய சைகையைக் காட்டக்கூடியவள், படத்தில் அவர் பிடித்த கையோடு, இங்கே நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டு, எழுந்துவிடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.